மூச்சுப் புற்று

அந்த ஊரில் நிலத்தைச் சூடாக்கக் கூடாது. மற்றச் சட்டங்களெல்லாம் தெற்கே எங்கேயோ எழுதப்பட்டு விமானத்தில் வந்தவை, இது மட்டும் நிலம் தானே போட்ட சட்டம். ஏனென்றால் அங்கே பாசிக்கும் புல்லுக்கும் கீழே மண் என்று பேர்தானே தவிர, உள்ளே இருப்பது ஆதிகாலத்துப் பனிக்கட்டி, அது உருகினால் வீடு சரியும், றோட்டு நெளியும், மயானத்தில் பெட்டிகள் மேலே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகையால் வீடுகள் நிலத்தில் முட்டாமல் கட்டைக்கால்களில் நின்றன, குழாய்கள் ஒன்றும் நிலத்துக்குள் போகவில்லை, குடிக்கிற தண்ணீர் ஒரு லொறியில் வந்தது, கழுவிய தண்ணீர் இன்னொரு லொறியில் போனது. கனடாவின் வடக்குத் தொங்கலில், ஆறு உறைந்த கடலைத் தொடுகிற அந்த ஊரில், தமிழ் வீடுகள் பதினொன்று ஒரே நிரையாய் இருந்தன. கடைசி வீடு எங்களுடையது. அந்தக் கடைசி வீட்டின் பின்பக்கத்தில், என் மகள் ஆரபி பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கிழமை, நிலம் வீங்கத் தொடங்கியது.

முதலில் அது கவிழ்த்து வைத்த சட்டி அளவில் இருந்தது, பிறகு அண்டா அளவில், பிறகு படுத்திருக்கும் மாட்டின் அளவில், சூரியன் மறையாத கோடை முழுவதும் ஓய்வில்லாமல் வளர்ந்து, முதல் பனி விழுந்தபோது எங்கள் கூரையை எட்டிப் பார்த்தது. அப்படியான மலைகள் அந்தப் பக்கத்தில் புதினமில்லை, ஊரைத் தாண்டினால் தட்டை நிலத்தில் மேலே புல்லும் உள்ளே பனிக்கட்டியுமாய்க் கூம்பு கூம்பாய் நிற்கும், ஆனால் அவை ஒரு முழம் உயர ஒரு ஆயுள் எடுக்கும், மூச்சும் விடாது. எங்களுடையது மூச்சு விட்டது. ஆரபி என் மடியில் பால் குடிக்கும்போது அவளின் சின்ன நெஞ்சு ஏறினால் குசினி ஜன்னலுக்கு வெளியே மலை ஏறியது, நெஞ்சு இறங்கினால் மலை இறங்கியது, அவளுக்கு விக்கல் எடுத்த அன்று நிரை முழுக்க அலுமாரிகளில் கோப்பைகள் கிலுங்கின.

இதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் வந்து ஆரபியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு சப்பாத்தோடு பின்பக்கம் இறங்கி மலையின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார், இரண்டிலும் சளி இல்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நகரசபையில் இருந்து வந்த எஞ்சினியர் மலையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். கட்டைக்கால் போட்டபோது நிலத்தின் நரம்பில் பட்டிருக்கும் என்றார்கள் சிலர், பிள்ளை அங்கேயே பிறந்த முதல் தமிழ்ப் பிள்ளை, நிலம் கணக்கு வைக்காதோ என்றார்கள் சிலர். ஒரு கிழமையில் காரணம் தேடுவதும் அலுத்துப்போய், நிரையில் எல்லாரும் மலைக்கு ஏற்றபடி தங்கள் கொடிக்கயிறுகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

நான்தான் பயந்தேன். நான் கொன்வென்ற்றில் படித்தவள். தேவாரமும் தெரியும், "அருள் நிறைந்த மரியே"யும் தெரியும், இரண்டையும் மாறி மாறிச் சொல்லியும் பயம் போகவில்லை. என் பிள்ளைக்கு என் வயிற்றுக்குள் ஒரு கொடி இருந்தது, அதை அறுத்துத்தான் என்னிடம் தந்தார்கள். இப்போது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொடி அவளை வெளியே கிடக்கும் ஏதோவொன்றோடு கட்டியிருக்கிறது, அதை யார் மிதிப்பார்கள், யார் இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க்கடை வைத்திருந்த செல்வராணி அக்காதான் அதற்குப் பேர் வைத்தாள். அரிசியும் கருவாடும் விற்கிறவள், நிரையில் கலியாணம் என்றாலும் சண்டை என்றாலும் அவளைக் கேட்காமல் நடக்காது.

"இது புற்றடி பிள்ளை. வடிவாப் பார், வாய் இருக்குது, சீறுது."

"இந்தக் குளிருக்குப் பாம்பு எங்கயக்கா?"

"பாம்பில்லாட்டிப் புற்றில்லையே? உன்ர மனுசன் கும்பிடாட்டியும் உன்ர வீட்டில சாமியறை கிடக்குத்தானே."

புற்று என்றால் பால் ஊற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் செம்போடு வந்தார்கள். கடையில் இருந்து எங்கள் பின்பக்கம் வருவதற்குள் பால் உறைந்து செம்போடு ஒட்டிக்கொண்டதால், காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சியும் ஆறிப்போனதால், கொதிக்கக் கொதிக்கப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். நிலத்தைச் சூடாக்கக் கூடாதே அக்கா என்று நான் சொன்னேன். பால் நிலத்தைச் சுடுமோ, தாய்ப்பால் பிள்ளையைச் சுடுமோ என்று அக்கா கேட்டாள். ஒவ்வொரு வெள்ளியும் பால் ஊற்றியபின் புற்று மினுங்கி, இன்னும் ஒரு சாண் பொருமியது, ஒவ்வொரு வெள்ளியும் ஆரபியின் உடம்பு கணகணவென்று காய்ந்தது.

என் மனுசன் பகீரதன் தண்ணீர் லொறி ஓடுகிறவர். கங்கையைக் கொண்டுவந்தவனின் பேரை வைத்துக்கொண்டு கக்கூசுக்குத் தண்ணீர் நிரப்புகிறான் என்று நிரை முழுக்க அவரைப் பகிடி பண்ணும். அழுக்குத் தண்ணீர் லொறி ஓடுகிறவள் வின்னி, அந்த நிலத்துக்கே உரிய சனம், "நீ கொண்டுவாறாய், நான் கொண்டுபோறன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இந்த ஊர் குளிக்குது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் ஒருநாள் கேட்டேன், உங்கள் ஆட்களுக்கு இப்படியான மலை தெரிந்திருக்குமே, இதற்கு என்ன செய்வீர்கள் என்று.

"எங்கள் ஆட்கள் அதுக்குள்ளே குழி வெட்டி மீன் வைப்பார்கள்" என்றாள். "மூச்சு விடுகிற மலையைப் பற்றி என்னை ஏன் கேட்கிறாய்? நான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்." சிரித்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனால் மீனுக்கு ஒருத்தரும் சுடுபால் ஊற்றுவதில்லை."

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா புற்றுக்குக் கற்பூரம் காட்டினாள். தட்டை வாய்ப்பக்கம் உயர்த்தினாள், அவ்வளவுதான். சுடர் தட்டை விட்டுத் தாவிப் புற்றின் வெடிப்பில் போய் நின்றது, நீலமாய், புகையில்லாமல், ஒன்றையும் எரிக்காமல் தானே எரிந்தது. எல்லாரும் கைகூப்பினார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றி அழுதார். என் தோளில் கிடந்த ஆரபி மூச்சு விடவில்லை. நான் அவளைக் குலுக்கினேன், முதுகில் தட்டினேன், காற்று ஒன்று அடித்துச் சுடரை அணைத்தது, ஆரபி வீரிட்டு அழுதாள், புற்று ஒரு முழம் எழும்பியது. சின்ன வகுப்பில் சிஸ்டர் பெனடிக்ரா எரிகிற மெழுகுதிரிக்கு மேல் ஒரு கண்ணாடிக் கிளாசைக் கவிழ்த்து, நெருப்பும் எங்களைப்போல மூச்சு விடுவதுதான் பிள்ளைகளே என்று காட்டியபோது, திரி சாவதைப் பார்த்து நான் வகுப்பை விட்டு ஓடினேன். இப்போது ஓடுவதற்கு இடமில்லை.

அந்த வருசம் ஆற்றில் தண்ணீர் வற்றி, வீடுகளைச் சூடாக்க எரிக்கிற எண்ணெயைக் கொண்டுவருகிற கப்பல் வழியில் தரைதட்டி, அப்படியே பனிக்குள் இறுகிப்போனது. ஊரில் எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பங்கு போதவில்லை. அப்போதுதான் சண்முகலிங்கம் மாமா, அந்த ஊருக்கு முதலில் வந்து ராக்ஸிக் கார் ஓடி, மற்றப் பத்து வீட்டையும் ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுக் குடியிருத்தியவர், ஒரு இரும்புக் குழாயைப் புற்றின் விலாவில் இறக்கி, காற்றைத் திறந்து அடைக்க ஒரு பெரிய திருகி பூட்டி, அதில் இருந்து நிரை முழுவதற்கும் கிளை இழுத்தார். முதல் கேத்திலில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தேத்தண்ணியில் ஒரு கோப்பை எனக்கும் வந்தது. என் மகளின் உதடு நாவற்பழம் தின்றதைப்போல இருந்தது.

நான் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னேன். இது புற்றின் காற்று இல்லை, என் பிள்ளையின் மூச்சு, அடுப்பு எரிந்தால் அவளுக்கு மூச்சு இல்லை என்று சொன்னேன். ஒருவராவது விசரி என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள், ஓம் பிள்ளை, நாங்களும் கண்டனாங்கள் என்றார்கள், எல்லாருக்கும் கண் கலங்கியது, பிறகு கூட்டம் வைத்து, நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு மூச்சு குறையத்தானே தேவை, அவள் நித்திரை கொள்ளும்போது மட்டும் எரிப்போம் என்று ஏகமனதாய் முடிவெடுத்தார்கள்.

அன்றிலிருந்து வாட்ஸப் குழுவில் பின்னேரம் ஒரு செய்தி வரும்: "ஆரபி நித்திரையோ?" நான் ஓம் என்று போட்டால் பத்து வீட்டில் அடுப்பு மூளும். போடாவிட்டால் காத்திருப்பார்கள். திட்டமாட்டார்கள். ஒரு மணித்தியாலம் போனபின் யாராவது தங்கள் பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் படத்தைப் போடுவார்கள், கீழே ஒரு கைகூப்பு. இன்னும் கொஞ்சம் போனபின் செல்வராணி அக்கா தொலைபேசியில் எடுப்பாள்: "தாலாட்டொண்டு பாடிப் பாரன் பிள்ளை. நான் வந்து படுக்க வைக்கட்டே?"

அவர்கள் ஆரபியில் உயிரையே வைத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எங்கட அன்னபூரணி என்றார்கள். ஒருவர் காப்பு கொண்டுவந்தார், ஒருவர் கண்ணூறுக்குக் கறுப்புப் பொட்டு வைத்தார், பல் முளைக்காத பிள்ளைக்குப் பருத்தித்துறையில் இருந்து தோடு வந்தது. சண்முகலிங்கம் மாமா அவளைத் தூக்கிக் கொஞ்சும்போது அவரின் உடுப்பில் பொரித்த மீன் மணந்தது. அவள் மெலிந்துகொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த கிளையை நான் அடைத்தேன், பங்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் எரித்து, மூன்று உடுப்புப் போட்டு, ஒரே அறைக்குள் இருந்தோம்.

"அவையளை மட்டும் என்னெண்டு குறை சொல்லுறது நிரோ?" என்றார் பகீரதன். "வெளியில நாற்பது பாகை மைனஸ். அவையளுக்கும் குழந்தையள்."

"அப்ப எங்கட பிள்ளையைக் குடுப்பமே?"

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வின்னியிடம் போனார்.

வின்னி தெற்கே தன் தங்கச்சி வீட்டுக்குப் போகப் போகிறாள், இந்தப் பனிக்காலத்துக்கு இது போதும் என்றாள், ஏறுங்கள் என்றாள். மத்தியானத்து இருட்டில், அழுக்குத் தண்ணீர் லொறியின் முன்சீற்றில், நாங்கள் மூன்று பேரும் அவளுமாய்ப் போனோம். கடையைத் தாண்டினோம், பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம், ஆரபி மூச்சு விட்டாள். கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டினோம், மூச்சு நூலானது. ஒவ்வொரு வளைவுக்கும் அந்த நூல் நீண்டு நீண்டு மெலிந்தது, வாயைத் திறந்தாள், ஒன்றும் உள்ளே போகவில்லை, "இன்னும் கொஞ்சம், அறுந்தால் சரியாகிவிடும்" என்றார் பகீரதன், "அறுந்தால் செத்துப்போவாள், திருப்புங்கோ" என்று நான் கத்திய கத்தலில் வின்னி அந்தப் பெரிய லொறியைப் பனிக்குள் ஒரே சுழற்றாய்ச் சுழற்றினாள். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, தன்னிடம் இருந்த மான்தோல் போர்வையைப் பிள்ளைக்குச் சுற்றினாள். "என்னால் கொண்டுபோக முடியாத ஒன்றை முதல்தரம் பார்க்கிறேன்" என்றாள், அழுதாள், போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தைப்பொங்கல் வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாய் எழும்பாமல் கிடந்த சூரியன் அந்தக் கிழமைதான் அங்கே திரும்பி வரும், மத்தியானத்தில் ஒரு தோடம்பழச் சுளையளவு தெரிந்துவிட்டுப் போகும். ஆகையால் அந்த ஊரில் தமிழ்ச் சனத்துக்குத் தைப்பொங்கலைப்போல ஒரு பெருநாள் இல்லை. எண்ணெய் இல்லாமல் வாடிக் கிடந்த முழு ஊரையும் கூப்பிட்டு, புற்றடியில் கிடாரம் வைத்துப் பொங்கி, ஒரு பிடியாவது சூடாய்க் கொடுப்பதென்று அக்கா முடிவெடுத்தாள். கேத்திலுக்கே உதடு நீலமாகிற பிள்ளை கிடாரத்துக்கு என்ன ஆவாள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு அறைக்குள்ளயே இரு" என்றாள் அக்கா. "நீ பாக்க வேண்டாம்."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே புற்றடிக்குப் போனேன். வெள்ளை வேட்டியை உள்ளுடுப்புக்கு மேலே கட்டி, அதற்கு மேலே பனிக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஆண்கள் நின்றார்கள், கோலம் போட முடியாத பனியில் பெண்கள் மஞ்சள்தூளால் வட்டம் கீறியிருந்தார்கள். நான் கிடாரத்துக்கு முன்னால் நின்று போர்வையை விலக்கி மகளின் முகத்தைக் காட்டினேன்.

"எரிக்கிறதெண்டால் இவளைப் பாத்துக்கொண்டு எரியுங்கோ."

"நல்லநாளும் பெருநாளுமா என்ன கதை பிள்ளை இது?" என்றார் சண்முகலிங்கம் மாமா. தெற்கு வானம் சிவந்தது, நேரம் போகுது அண்ணை என்று யாரோ சொன்னார்கள், அவர் திருகியைத் திறந்தார்.

நீலம் கிடாரத்தின் அடியைப் பிடித்தது. புற்று தாழ்ந்தது. ஆரபி என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். பகீரதன் திருகியில் பாய்ந்தார், நாலு பேர் அவரைப் பிடித்தார்கள், அன்பாகத்தான் பிடித்தார்கள், பொறு தம்பி, பொறு, பொங்காமல் அணைக்கப்படாது என்றார்கள். பொங்காமல் அணைத்தால் வருசம் முழுக்க வீட்டில் விளக்கெரியாது, அது எனக்கும் தெரியும், என் தாயும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். பால் ஆடைகூடக் கட்டவில்லை. "ஐயோ, பிள்ளை தாங்காது, கெதியாப் பொங்கட்டும்" என்று அழுதுகொண்டே செல்வராணி அக்கா கத்தினாள், "கூட்டுங்கோ அண்ணை, கூட்டுங்கோ!" மாமா அழுதுகொண்டே திருகியை முழுவதும் திறந்துவிட்டார், நெருப்பு கிடாரத்தின் கழுத்துவரை ஏறியது, நிரை முழுவதும், ஊர் முழுவதும், என் மகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக, பொங்கு பொங்கு என்று அந்தப் பாலைக் கெஞ்சியது.

நான் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தோளால் கிடாரத்தை இடித்தேன். கோட்டின் தோள் பொசுங்கியது. கிடாரம் சரிந்து, பால் முழுவதும் பனியில் கொட்டியது.

கவிழ்ந்த பொங்கல் பானையைப்போல ஒரு அபசகுனம் இல்லை. அக்கா குனிந்து பாலின் வழியைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள், நிமிர்ந்தாள்.

"கிழக்காலதான் வழிஞ்சிருக்கு" என்றாள். "வழிஞ்சால் பொங்கினதுதான். அணையுங்கோ அண்ணை."

பொங்கிட்டுது, பொங்கிட்டுது என்று எல்லாரும் சொன்னார்கள். மாமா திருகியை அடைத்தார். ஆரபி கதறினாள், புற்று எழும்பியது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரியன் வந்தது, எல்லாரும் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அக்கா சூரியனைப் பார்த்தபடியே என் மகளின் தலையில் கைவைத்து, "இனி இந்தத் திருகியில ஒருத்தரும் தொடமாட்டம், பிள்ளையாணை" என்று சத்தியம் பண்ணினாள்.

அந்தச் சத்தியத்தை அவர்கள் காப்பாற்றினார்கள். அதுதான் எனக்குக் கடைசியாய் வந்த பயம்.

வீட்டுக்கு வந்தபோது போர்வையில் தெறித்த பால் கொட்டாஞ்சிரட்டையாய் இறுகியிருந்தது. அதை உடைத்து எடுத்தேன். எங்கள் பீப்பாயில் எண்ணெய் முடிந்திருந்தது, பங்கு இனி அடுத்த கிழமைதான். மரமே முளைக்காத ஊர். பகீரதன் சாப்பாட்டு மேசையைக் கொத்தி எரித்தார், அது ஒரு கதை சொல்லும் நேரம்தான் எரிந்தது. நிரையில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூளவில்லை. ஒருவரும் செய்தி போடவில்லை. ஜன்னலால் பார்த்தேன், பத்து வீட்டிலும் சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகளை நடுவில் வைத்து இருந்தார்கள், ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆரபி நன்றாக மூச்சு விட்டாள், பிறந்ததிலிருந்து அவள் அப்படி மூச்சு விட்டதில்லை, ஒவ்வொரு மூச்சும் அறைக்குள் வெண்புகையாய் எழும்பியது, ஆனால் கை விரல்கள் மெழுகாய்ப் போயிருந்தன, கிள்ளினால் அழவில்லை. உடுப்பைக் கழற்றி என் வெறும் நெஞ்சில் போட்டு மூடினேன். எனக்கே உடம்பு உதறியது. உதறுகிற உடம்பில் சூடு எங்கே இருக்கும்? பகீரதன் வாங்கித் தன் நெஞ்சில் போட்டார். அவள் கண்ணைச் செருகினாள்.

"என்னப்பா செய்வம்?" என்று கேட்டேன். அவர் பிள்ளையை இன்னும் இறுக்கிப் போர்த்தினார்.

நான் பின்பக்கம் இறங்கினேன். பத்து வீட்டு ஜன்னலிலும் முகங்கள் வந்தன, ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை, ஒன்றிலும் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டுக் கிளையைத் திறந்தேன். பிறகு பெரிய திருகியைப் பிடித்தேன், கையுறை அதில் ஒட்டியது, நகமளவு திருப்பினேன்.

உள்ளே வந்தபோது அடுப்பில் ஒரு விரல் நெருப்பு நீலமாய் நின்றது. மகளை மடியில் வைத்து, அவளின் கைகளை அதற்கு முன்னால் பிடித்தேன், மற்றக் கையின் விரலை அவளின் மூக்குக்குக் கீழே வைத்தேன். கைகள் மெல்ல மெல்லச் சிவந்தன. மூச்சு மெல்ல மெல்லச் சிறுத்தது. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.